ஆத்துல விட்டுருங்கம்மா

நேற்றுச் சாயங்காலம் நீ அனுப்பிய குரல் செய்தியை உன் அப்பாவும் நானும் கூடத்தில் உட்கார்ந்து கேட்டோம். "அம்மா, ஞாயித்துக்கெழம பொண்ணு வீட்டுக்காரங்க நம்ம வீடு பாக்க வாராவ. அதுக்குள்ள அந்த மீன் தொட்டியக் காலி பண்ணிருங்க. அவங்க சுத்த சைவம். கூடத்துல மீனப் பாத்தா ஒரு மாதிரி நெனைக்காவ. எல்லாத்தையும் ஆத்துல விட்டுருங்கம்மா. நல்ல தண்ணிதான, பொழச்சுக்கிடும்." அவ்வளவுதான் செய்தி. பின்னால் உன் பெங்களூர் ஆபீசில் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. உன் அப்பா என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தால் முதலில் கையில் அகப்படுகிறவர் அவர்தான் என்பது அவருக்குத் தெரியாதா?

தொட்டியைக் காலி செய்ய மாட்டேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏன் என்று போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே வேறு வேலை பார்ப்பாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரலைப் போட்டு முடித்துவிடுவாய். அதனால் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். உன் பெயரைப் போடவில்லை, பயப்படாதே. வெளியூரில் உட்கார்ந்துகொண்டு அப்பா அம்மாவிடம் "ஆத்துல விட்டுருங்க" என்று சொல்கிற பிள்ளைகள் நம் வண்ணார்பேட்டையில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும்.

முதலில் இந்தத் தொட்டி எப்படி வந்தது என்று உனக்கு ஞாபகப்படுத்துகிறேன், நீ மறந்த மாதிரி பேசுகிறாய். கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும்போது நீயாக வாங்கி வந்தாய். நம் வீட்டில் முட்டைகூட உள்ளே வந்ததில்லை. "சைவப் பிள்ளைமார் வீட்டுல மீனா" என்று எதிர்வீட்டு மதினி கேட்டதற்கு, "வளக்கத்தான் அத்த, திங்கதுக்கு இல்ல" என்று நீ வாசலில் நின்று வாதாடினாய். அன்றைக்கு யார் என்ன நினைப்பார்கள் என்று நீ கவலைப்படவில்லை. கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினாய். மோலி, நியான் டெட்ரா, தங்க மீன், ஏஞ்சல், போதாததற்குத் தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று விரல் நீளத்தில் ஒரு கறுப்பு மீன். இதெல்லாம் ஒன்றாக இருக்குமா என்று கடைக்காரரிடம் நான்தான் கேட்டேன். "எல்லாம் எல்லாத் தண்ணியிலயும் கெடக்கும்க்கா, ஒண்ணும் செய்யாது" என்றார். நீயும் அவரோடு சேர்ந்து தலையை ஆட்டினாய்.

அப்புறம் திருச்செந்தூர் போய்விட்டு வந்தபோது பை நிறைய சிப்பியும் சங்கும் கொண்டுவந்து தொட்டிக்குள் பரப்பினாய். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கோடையில் குழாயில் நல்ல தண்ணீர் வராத வாரத்தில் போர் மோட்டாரில் வருகிற உப்புத் தண்ணீரைப் பிடித்து ஊற்றினாய். கண்ணாடி ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகப் படிந்தது. நியான் மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே மிதந்தன. மிச்சம் இருந்தவற்றை ஏஞ்சல் தின்றது. அதற்கு ஏஞ்சல் என்று பெயர் வைத்தவன் அது சாப்பிடுகிறதைப் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "கடைக்காரன் ஏமாத்திட்டான்மா." கடைக்காரர் ஏமாற்றினார் என்றே வைத்துக்கொள்வோம். சிப்பியைத் தொட்டிக்குள் போட்டதும் அவரா?

இந்த ஊரில் பிறந்தவனுக்குத் தண்ணீரைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியிருக்கிறது, அதுதான் எனக்கு ஆற்றாமை. நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் என்று நாம் வாய்க்கு வாய் சொல்கிறோமே, அது வெறும் நாக்கு ருசி என்று நினைத்தாயா? பொதிகையில் பெய்கிற மழை பாறை மேல் வழிந்து ஆறாக வருகிறது. அதில் சுண்ணாம்பு சேர்வது குறைவு. சோப்பைக் காட்டினாலே நுரை வரும், துவரம்பருப்பு மலர்ந்து வேகும். மோட்டார் தண்ணீரில் குக்கர் எத்தனை விசில் அடித்தாலும் பருப்பு முழித்துக்கொண்டு கிடக்கும். நியான் மீன் எங்கேயோ தென்னமெரிக்காவில் காட்டு ஓடையில், இலை அழுகிய, சுண்ணாம்பு இல்லாத மெல்லிய தண்ணீரில் இருக்கிற ஜாதி. மோலிக்குச் சுண்ணாம்பு வேண்டும், உப்பு கொஞ்சம் இருந்தாலும் சந்தோஷம். இரண்டையும் ஒரே தொட்டியில் விட்டால் ஏதாவது ஒன்றுக்குத் தினமும் தண்டனைதான். சிப்பியும் சங்கும் சுண்ணாம்புக் கட்டிகள். நல்ல தண்ணீரை நாம் விலைக்கு வாங்காமலேயே ஆறு தருகிறது, அதை நீ வீட்டுக்குள் கொண்டுவந்து உப்புத் தண்ணீராக்கினாய்.

நீ பெங்களூர் போன பிறகு அந்தத் தொட்டி என் தலையில் விழுந்தது. "கொஞ்ச நாளைக்குப் பாத்துக்கோங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாய். வருடங்கள் ஓடிவிட்டன, அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் கணக்குப் பாடம் எடுத்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். காரணம் தெரியாமல் ஒரு காரியத்தைச் செய்ய எனக்கு வராது. சிப்பியையும் சங்கையும் வெளியே எடுத்தேன். மோலிகளைக் கிணறு வைத்திருக்கிற உன் சித்தி வீட்டுத் தொட்டிக்கு அனுப்பினேன், அங்கே அவை குட்டி போட்டுத் தள்ளுகின்றன. ஏஞ்சலையும் தங்க மீன்களையும் கடையிலேயே திருப்பிக் கொடுத்தேன், அந்த மனுஷர் முனகிக்கொண்டே வாங்கிக்கொண்டார். குழாயில் வருகிற நல்ல தண்ணீரை டிரம்மில் பிடித்து, மருந்து வாடை போக ஒரு நாள் திறந்து வைத்துத்தான் ஊற்றுகிறேன். தெருக்கோடி வாதாங்கொட்டை மரத்தடியில் காய்ந்த இலையாகப் பார்த்துப் பொறுக்கி வந்து தண்ணீரில் போடுகிறேன். தண்ணீர் பால் விடாத இளம் தேநீர் நிறத்துக்கு வரும். போன பொங்கலுக்கு வந்தபோது "என்னம்மா, தண்ணி கலங்கிக் கெடக்கு" என்றாயே, அது கலங்கல் இல்லை. நான் புதிதாக வாங்கிவிட்ட நியான் மீன்களுக்கு அதுதான் சொந்த ஊர்.

செடி விஷயத்திலும் அப்படித்தான். நீ வைத்த செடிகள் எல்லாம் பளிச்சென்று விளக்கும், புட்டியில் அடைத்த கரியமில வாயுவும் கேட்கிற ஜாதி. வைத்த மாதமே உருகிப்போயின. நான் ஜாவா ஃபெர்னையும் அனுபியாஸையும் ஒரு வேர்க்கட்டையில் நூலால் கட்டி வைத்தேன். மண்ணில் கிரிப்டோ என்கிற செடியை வைத்தேன். அது முதலில் இலையெல்லாம் உதிர்த்துச் செத்த மாதிரி காட்டும், பிடுங்காமல் விட்டால் பைய வேரிலிருந்து துளிர்க்கும். பிடுங்கி எறியச் சொன்னவன் நீ. பின்பக்கம் ஒரு அமேசான் வாள் செடி. நடுவில் நியான் கூட்டம், தரையில் கோரிடோரஸ் என்கிற மீசை மீன்கள், அவ்வளவுதான். கூட்டமாக வாழ்கிற மீனை ஜோடியாக வாங்காதே, கடைசியில் எவ்வளவு பெரிதாகும் என்று கேட்காமல் ஒரு மீனையும் வாங்காதே, உன் வீட்டுக் குழாயில் என்ன தண்ணீர் வருகிறதோ அதற்கேற்ற மீனாகப் பார். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த மீன் சாஸ்திரம். தண்ணீரை மீனுக்காக மாற்றுகிறேன் என்று ஆரம்பிக்கிறவர்கள் பாதியில் ஊரைவிட்டுப் போய்விடுகிறார்கள்.

புழு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் படிக்கட்டும். கத்தரிக்காயில் ஒரு புழு நெளிந்தால் மொத்தக் கூட்டையும் கொட்டுகிறவள் நான். அப்படிப்பட்டவள் வீட்டு ஃப்ரீசரில் மீனுக்கு இரை என்று சிவப்புப் புழுவைக் கட்டி கட்டியாக உறைய வைத்து, மேலே ஒரு பேர்கூட எழுதாமல் விட்டிருந்தாய். உன் பெரியப்பா, நெற்றி நிறைய விபூதியோடு வெயிலில் வந்தவர், தானே போய்த் திறந்து, ரோஜாப்பூ சர்பத்தை ஐஸாக்கி வைத்திருக்கிறோம் என்று நினைத்து எலுமிச்சைச் சாற்றில் ஒரு கட்டியைப் போட்டுக்கொண்டார். டம்ளர் வாய்க்குப் பக்கத்தில் போன நேரத்தில் நான் பிடுங்கினேன். "ஏன் பிடுங்குத? நல்லாத்தான இருக்கு கலரு" என்றார். நாள்பட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். நீ உள்ளே கட்டிலில் விழுந்து விழுந்து சிரித்தாய். கேட்டால், "அவரா எடுத்தாரு, நானா குடுத்தேன்?" என்றாய். இன்றைக்கு அந்தப் புழுவை நான்தான் கடையில் வாங்கி வருகிறேன், நான்தான் கையால் எடுத்துப் போடுகிறேன். போட்டதும் கோரிடோரஸ் மீசையைத் துழாவிக்கொண்டு ஓடி வருவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். இந்த வீட்டில் என்னைப் பார்த்ததும் ஓடி வருகிறவை அவை மட்டும்தான்.

இப்போது ஆற்றுக்கு வருகிறேன். அந்தக் கறுப்பு மீன், தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொன்னது, சுத்தம் செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டு முழங்கை நீளத்துக்கு வளர்ந்தது. செடியையெல்லாம் வேரோடு தள்ளியது. அப்போதும் நீ இதே வார்த்தையைத்தான் சொன்னாய். "ஆத்துல விட்டுருங்க." உன் அப்பா ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் போகிறபோது மூடி போட்ட வாளியில் அதைக் கொண்டுபோனார். தர்ப்பணம் முடித்து, படித்துறைக்குக் கீழே இறங்கித் தண்ணீரில் விட்டார். "ஒரு உயிருக்கு விடுதலை குடுத்தாச்சு" என்று ஊருக்கு வந்து எல்லோரிடமும் சொன்னார். எனக்கு அப்போதே மனசு ஒப்பவில்லை. ஆனாலும் அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துச் சும்மா இருந்தேன்.

இந்த வருடம் நானும் அவரோடு போனேன். திரும்பி வரும்போது அம்பாசமுத்திரம் தாண்டி ஆற்றோரமாகக் காரை நிறுத்தினோம். ஒருவர் வலையை உதறிக்கொண்டிருந்தார். கரையில் கல்லுக்குக் கல் அந்தக் கறுப்பு மீன் கிடந்தது, உடம்பெல்லாம் ஓடு, வாய் அடியில். உன் அப்பா இறங்கிப் போய், "இது என்ன மீனு அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"என்ன எழவோ, யாருக்குத் தெரியும்? வலையக் கிழிக்குது. திங்கவும் முடியல, விக்கவும் முடியல. கெண்டை கிடச்ச எடத்துல எல்லாம் இதுதான் கெடக்கு" என்றார் அவர். உன் அப்பா வேட்டி நனைவதுகூடத் தெரியாமல் அங்கேயே நின்றார். காரில் ஏறிய பிறகு, "நாம விட்டதுதானோ?" என்று மெல்லக் கேட்டார். ஒன்றை விட்டு இத்தனை வராது, நம்மைப் போல ஊரெல்லாம் விட்டிருக்கிறார்கள் என்று சொன்னேன். அது அவருக்கு ஆறுதலாக இல்லை. எனக்கும் இல்லை.

நமக்கு ஆறு என்றால் என்னவென்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்? கிழிந்த சாமி படமா, ஆத்துல விட்டுரு. பூசை முடிந்த மாலையா, ஆத்துல விட்டுரு. பாவம் தொலைய வேண்டுமா, பாபநாசத்தில் உடுத்திய துணியோடு ஆத்துல விட்டுரு. படித்துறையில் கால் வைத்தால் ஈரச் சேலை காலைச் சுற்றுகிறது. ஆகாயத்தாமரை என்கிற இந்த அமலைச் செடியும் அப்படித்தான். எவனோ ஒருவன் ஊதாப் பூ அழகாக இருக்கிறது என்று எங்கேயோ வளர்த்துவிட்டு, அலுத்துப்போய் விட்டிருப்பான். இன்றைக்குக் கொக்கிரகுளத்தில் பாலத்தில் நின்று பார்த்தால் தண்ணீர் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. விட்டுவிட்டேன் என்று சொல்லும்போது நமக்குக் கை கழுவின மாதிரி இருக்கிறது. எங்கே விட்டாய், யார் மேல் விட்டாய் என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

"நல்ல தண்ணிதான, பொழச்சுக்கிடும்" என்றாயே, அங்கேதான் எனக்கு உச்சிக்கு ஏறியது. பிழைத்துக்கொள்ளும், ஆமாம். மெல்லிய தண்ணீர் மீனாகப் பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறேன், மெல்லிய தண்ணீர் ஆற்றில் அது ஏன் பிழைக்காது? அதுதானே கேடு. இந்த ஆற்றைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு கெண்டை ஜாதி இங்கே உண்டு. அது எங்கே போகும்? அதற்கு எந்த வீட்டுத் தொட்டியில் இடம் போட்டு வைத்திருக்கிறாய்? நியான் பொடி மீன், அது ஆற்றில் ஒரு நாள்கூடத் தாங்காமல் எதன் வாயிலாவது போய்விடும் என்று நீ சொல்லலாம். அப்படியானால் அதைக் கொல்லத்தான் கொண்டுபோகச் சொல்கிறாய். பிழைத்தால் ஆற்றுக்குக் கேடு, செத்தால் அதற்குக் கேடு. இதில் எதைப் புண்ணியம் என்கிறாய்?

இவ்வளவு கோபத்திலும் ஒரு விஷயம் மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. கல்யாணம் நல்லபடியாக நடக்க வேண்டும், பெண் வீட்டார் மனசு கோணக் கூடாது. அவர்களுக்கு உண்மையிலேயே பிடிக்கவில்லை என்றால் தொட்டியைப் பின்கட்டு அறைக்கு நகர்த்திக்கொள்ளலாம், அதில் எனக்குக் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஆனாலும் பெண்ணுக்கு மீனாட்சி என்று பெயர் வைத்திருக்கிற குடும்பம் கூடத்தில் மீனைப் பார்த்து முகம் சுளிக்குமா என்று யோசனையாக இருந்தது. அதனால் இன்றைக்குக் காலையில் வள்ளியூரில் இருக்கிற பெண் வீட்டுக்கு நானே போன் செய்தேன். மீனாட்சியின் அம்மாதான் எடுத்தார்கள். தொட்டி உங்களுக்குச் சங்கடமாக இருந்தால் சொல்லுங்கள், மறைத்து வைத்துவிடுகிறேன் என்றேன்.

"என்ன தொட்டி மதினி?" என்றார்கள்.

"கூடத்துல மீன் தொட்டி இருக்குல்லா, நீங்க சைவம்னு…"

"உங்க வீட்டுல மீன் இருக்குதே எங்களுக்கு இப்பத்தான் தெரியும். மாப்ள ஒண்ணும் சொல்லலயே. நாங்க எதுக்கு மதினி சங்கடப்படப்போறோம்? எங்க ஊருத் தண்ணிக்குக் கொடம்கூட வெளுத்துப்போவுது, இங்கன மீன் வளத்தா எங்க இருக்கும்? வந்து ஆசை தீரப் பாக்கோம்" என்று சிரித்தார்கள்.

அவர்கள் சொல்லவே இல்லை. நினைக்கவும் இல்லை. கூச்சம் உனக்கு. அம்மா புழுவைக் கையால் எடுக்கிறாள், கூடத்தில் தேநீர் நிறத்தில் ஒரு தொட்டி, புது உறவுக்காரர்கள் என்ன நினைப்பார்களோ என்று உனக்குத்தான் வெட்கம். அதை உன் வாயால் சொன்னால் நான் திட்டுவேன், அவ்வளவுதானே? திட்டு வாங்கப் பயந்து அவர்கள் தலையில் வைத்தாய். உன் வெட்கத்தைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். அடுத்தவர் பெயரில் அனுப்பினாயே, அதுதான் தாங்கவில்லை.

போனை வைக்கப் போகும்போது மீனாட்சி தன் அம்மாவிடமிருந்து அதை வாங்கிக்கொண்டாள். தொட்டியில் என்ன செடி, வெயில் படுமா என்றெல்லாம் கேட்டாள். கிரிப்டோவைப் பற்றிச் சொன்னேன், கவனமாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு நடந்துகொண்டே பேசினாள் போலிருக்கிறது, வீட்டுச் சத்தம் குறைந்து வாசல் சத்தம் கேட்டது. "அத்தை, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே?" என்றாள். "கல்யாணத்துக்கு அப்புறம் நான் வேலைய விட்டுரணும்னு நீங்க ஆசைப்படுதீங்கன்னு உங்க மகன் போன வாரம் சொன்னாங்க. அது நீங்க சொன்னதா அத்தை?"

கல்யாணமான மறுவாரமே பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிப் போனவள் நான். என் மகனின் பெண்டாட்டி வேலையை விட வேண்டும் என்று நான் கனவில்கூடச் சொல்லியிருக்க மாட்டேன். "இல்லம்மா, நான் சொல்லல" என்றேன். இதையெல்லாம் எழுதப் போகிறேன், அதில் அவள் பெயர் வரலாமா என்று அவளிடம் கேட்டேன். "எழுதுங்க அத்தை" என்றாள்.

மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெரியவர்கள் மட்டும் வருவதுதான் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை தானும் வருவதாகச் சொல்லிவிட்டாள். இந்த முறை யார் பெயரைச் சொல்வது என்று பஸ்ஸிலேயே யோசித்துக்கொண்டு வா.